ஆவியின் வரவும் சக்கையின் செலவும்

கச்சிராயபாளையத்தில் இருக்கும் கள்ளக்குறிச்சி–2 கூட்டுறவு சர்க்கரை ஆலையின் அரைப்புத் திறன் நாளொன்றுக்கு 2,500 டன். டிராக்டரில் வந்து இறங்கும் கரும்பின் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர். பிழியும்போது தெளிக்கிற நீரும் சேர, கரும்பின் எடைக்கு ஈடாகவே சாறு வரும்.

சாற்றில் கரைந்திருப்பது 15 சதவீதம். பாகில் அது 60 ஆக வேண்டும். 2,500 டன் சாறு 625 டன் பாகாகச் சுண்டினால், விரட்டியாக வேண்டிய தண்ணீர் 1,875 டன்.

கொதிநிலையில் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். மொத்தத்தையும் மின்கணக்கில் சொன்னால் 11.75 லட்சம் யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் தினம் 82 லட்சம்! எந்த ஆலை தாங்கும்?

அதனால்தான் எரிபொருள் சக்கை. கரும்பில் 28 சதவீதம் என்றால் நாளுக்கு 700 டன். ஈரச் சக்கை ஒரு டன்னுக்கு 2.2 டன் நீராவி தரும். ஆக 1,540 டன். ஒரே கலனில் காய்ச்சினால் 1,875 டன் நீராவி கேட்கும். சொந்தச் சக்கை முழுதும் எரித்தும் துண்டு விழுகிறது.

இந்தத் துண்டை அடைத்தவர் நார்பர்ட் ரில்லியூ. 1806இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த கறுப்பின வம்சாவளிப் பொறியாளர். 1843இல் காப்புரிமை பெற்றார். முதல் கலனில் எழும் ஆவி இரண்டாவதன் குழாய்களில் குளிர்ந்து நீராகும்போது, வாங்கிய வெப்பத்தை அப்படியே திருப்பித் தரும். அதில் அடுத்த சாறு கொதிக்கும். நான்கு கலன் வரிசையில் நீராவித் தேவை 469 டன், சக்கை 213 டன். கசிவும் வெப்ப இழப்பும் இதற்கு மேல். மிச்சம் 487 டன்னும் விற்பனைக்கு வராது. படிகமாக்கும் கலன்களுக்கும் ஆவி வேண்டும்.

ஆனால் அடுத்தடுத்த கலன் குறைந்த சூட்டில் கொதிக்க வேண்டுமே? கடைசிக் கலனின் ஆவியைக் குளிர்நீர் தூவி ஒடுக்குகிறார்கள். நூறு டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 1,670 லிட்டர் ஆவி. அது திரும்பச் சுருங்கும்போது வெற்றிடம் உண்டாகி, சாறு 55 டிகிரியிலேயே கொதிக்கிறது.

வெல்லக் கொப்பரையில் இப்படி வெப்பத்தைத் திருப்பிப் பெறுவது கிடையாது. ஒரு டன் சாற்றில் 800 கிலோ தண்ணீரை விரட்ட ஆகும் 500 யூனிட் வெப்பமும் கூரை வழியே போய்விடும்.