இரவுச் சாப்பாட்டுக்கு என்ன?

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழவுள்ள கிராமங்களுக்கு நாம் பெரும்பாலும் மாலை வேளைகளிலேயே செல்கிறோம். பகலில் ஆண்கள் கடலிலோ வயலிலோ நிற்பார்கள். பெண்களுக்கும் ஓய்வு இருக்காது. ஐந்து மணிக்குப் பின்னர்தான் முற்றத்தில் பாய் விரித்து ஆறுதலாகப் பேசலாம். அந்நேரம் எந்த வீட்டிலும் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தால் வந்து விளையாடிவிட்டு ஓடிவரும் பிள்ளை கேட்கும்: "அம்மா, இண்டைக்கு இரவைக்கு என்ன?"

மூதூருக்குக் கிழக்கேயுள்ள கடற்கரைக் கிராமம் ஒன்றில் இக்கேள்விக்கு ஓர் இளந்தாய் சொன்ன விடை எம்மைச் சிந்திக்க வைத்தது. "என்ன கேக்கிறாய், வழமையான ரொட்டிதானே" என்றார். கோதுமை மா ரொட்டி, இடிச்ச சம்பல், வெறுந்தேத்தண்ணி. கிழமையில் ஐந்து நாட்கள் அதுவே என்றார். அவருக்கு இரத்தம் குறைவென்று கிளினிக்கில் மருத்துவமாது எழுதிக் கொடுத்திருந்தார். கடைக்குட்டியின் நிறையும் அட்டையிலுள்ள கோட்டுக்குக் கீழே நின்றது. கணவரோ கடற்றொழிலாளி. அவ்வீட்டுக்கு மீன் வராத நாட்கள் குறைவு.

மீன் பிடிக்கும் வீட்டில், நெல் விளையும் மாவட்டத்தில், இரவுச் சாப்பாடு எப்படி ரொட்டியும் தேத்தண்ணியுமாக மாறியது? இதற்குப் பெரியவர்களிடம் விடை தேடினோம்.

மா வந்த வழி

எங்கள் மூத்தோர் அறிந்த இரவுச் சாப்பாடு அரிசிமாப் புட்டு, இடியப்பம், குரக்கன் புட்டு, மத்தியானச் சோற்றில் மிஞ்சியது, அவித்த கிழங்கு ஆகியனவே. 1942ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரங்கூன் யப்பானியர் கையில் வீழ்ந்தது. இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையிலேயே குண்டு விழுந்தது. பங்கீட்டு அரிசி குறைந்து, அதன் இடத்திற்குக் கோதுமை மா வந்தது. தட்டுப்பாடு தீர்ந்த பின்னரும் மா திரும்பிப் போகவில்லை.

1970க்கும் 77க்கும் இடைப்பட்ட சிறிமா அம்மையாரின் ஆட்சிக் காலத்தில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது பாணுக்கு வரிசையில் நின்றவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அக்காலத்தில் மரவள்ளிக்கிழங்கு எல்லோரையும் காப்பாற்றியது. பின்னர் 1980இல் சீனன்குடாவில் பிறிமா மாவாலை இயங்கத் தொடங்கியது. கடல் கடந்து கப்பலில் வரும் கோதுமை கொட்டியாரக் குடா வழியாக நுழைந்து, எமது துறைமுகத்திலேயே அரைபட்டு, நாடு முழுவதும் போகிறது. ஆலை எமது ஊரில் இருந்தாலும் அந்தத் தானியத்தின் ஒரு மணியும் எமது மண்ணில் விளைவதில்லை.

இடம்பெயர்வு இப்பழக்கத்தை இறுக்கியது. 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பகுதியிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. பலருக்கு ஊர் திரும்ப 2015, 2016 வரை செல்லவேண்டியிருந்தது. நிவாரணப் பொதியில் மா இருந்தது. உரலும் அரிதட்டும் நீத்துப்பெட்டியும் இருக்கவில்லை. மூன்று கல்லை வைத்து ஒரு தகட்டில் சுடக்கூடியது ரொட்டி ஒன்றுதான். முகாமில் வளர்ந்த பெண்கள் இன்று தாய்மார். அவர்களுக்குப் புட்டு அவிக்கத் தெரியவில்லை என்று குறை சொல்வோர், அவர்கள் எங்கே பழகியிருப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பின்னர் 2022 வந்தது. முதல் ஆண்டில் இரசாயனப் பசளைக்கு விதித்த தடையால் நெல் விளைச்சல் விழுந்திருந்தது. உக்ரேன் போரால் உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறியது. எரிவாயுவும் மண்ணெண்ணெயும் இல்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அதாவது முந்திய ஆண்டு நூறு ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு ஏறத்தாழ நூற்றித் தொண்ணூற்றைந்து ரூபா. அந்த மாதங்களில்தான் பல வீடுகளில் மா வாளி வெறுமையாகி, பரணில் கிடந்த நீத்துப்பெட்டி இறக்கப்பட்டது.

முற்றத்தில் கற்றவை

அன்று அந்த இளந்தாயின் முற்றத்தில் அயலிலுள்ள ஏழெட்டுப் பெண்கள் கூடினர். ஒவ்வொருவரும் தமது வீட்டு இரவுச் சாப்பாட்டைச் சொல்ல, நாம் எழுதிக்கொண்டோம். எல்லாவற்றையும் இங்கே தர இடமில்லை.

முதலிடம் குரக்கன் புட்டுக்கு. சேனையில் விளையும் குரக்கனை இன்று "சீனி வருத்தக்காரரின் சாப்பாடு" என்று ஒதுக்கிவிட்டோம். நூறு கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியோ கோதுமை மாவோ இதற்குக் கிட்டவும் வராது. ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு அரைக் கிலோ மா போதும்: பாதி குரக்கன் மா, பாதி வறுத்த சிவப்புப் பச்சையரிசி மா. இரண்டையும் கலந்து, வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து விரல் நுனியால் உதிர்த்துக்கொள்ளவும். கை நிறையத் தண்ணீரை ஊற்றிவிட்டால் களியாகிவிடும். அவசரக்காரருக்கு இது சரிவராது. உருவிக் கழுவி நீர் வடித்த முருங்கையிலை இரண்டு கைப்பிடி, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், அரைத் தேங்காயின் பூ ஆகியவற்றைக் கலந்து நீத்துப்பெட்டியில் இட்டு, ஆவி நன்றாக மேலே வந்தபின் மேலும் பத்து நிமிடம் அவிக்கவும். நெத்தலியோ சின்ன இறாலோ கிடைத்தால் மஞ்சள், உப்புப் போட்டு வதக்கி இதற்குள் சேர்க்கலாம். அப்போது தனியே கறி தேவையில்லை.

புட்டுக்குச் சொதி வேண்டுமென்பது எமது நாட்டு வழக்கம். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் வெந்தயம், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை, மஞ்சள், உப்பு ஆகியவற்றைக் கப்பிப்பாலில் கொதிக்கவிட்டு, மீனைப் போட்டு, மீன் வெந்ததும் முதற்பாலை ஊற்றி ஒரு கொதி வரும்போதே இறக்கவேண்டும். தேசிக்காய்ப் புளியை அடுப்பில் வைத்துக்கொண்டு விட்டால் பால் திரைந்துவிடும். இறக்கி, ஆவி அடங்கிய பின்னரே விடவேண்டும். இதில் இன்று தேங்காய்தான் சிக்கல். 2024 முடிவில் ஒரு தேங்காய் இருநூறு ரூபாவைத் தாண்டிய ஞாபகம் எல்லோருக்கும் இருக்கிறது. "சொதிக்குத் தேங்காய் உடைச்சால் நாளைக்குச் சம்பலுக்கு இல்லை" என்றார் ஒருவர். நியாயமான பேச்சு. அப்படியான நாளில் கிண்ணியாவில் முஸ்லிம் சகோதரிகள் வைக்கும் புளியாணம் கைகொடுக்கும். பழப்புளிக் கரைசலில் வெங்காயம், உள்ளி, செத்தல் மிளகாய், மீன் துண்டுகள் சேர்த்துப் பாலில்லாமலே கொதிக்கவைக்கலாம்.

கந்தளாய்ப் பக்கத்தில் சிங்களக் குடும்பங்களோடு அயலவராக வாழ்ந்த மூதாட்டி ஒருவர் அம்புல் தியல் செய்யும் முறையைச் சொன்னார். சூரை மீனைச் சதுரத் துண்டுகளாக வெட்டி, அரைத்த கொறுக்காய், மிளகு, உப்பு, உள்ளி பூசி, மண்சட்டியில் நெருக்கமாக அடுக்கி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் முழுத் தண்ணீரும் வற்றும்வரை விடவேண்டும். தேங்காயும் எண்ணெயும் இதற்கு வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் இரண்டு மூன்று நாட்கள் கெடாது. மீன் அதிகம் பட்டு விலை விழும் நாளில், யாவாரிக்கு வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வருவதிலும் இரண்டு மீனை இப்படிச் செய்து வைப்பது மேல்.

வாடைக்காற்றுத் தொடங்கி கடல் கொந்தளிக்கும் மாரி மாதங்களில் நிலை வேறு. அப்போது கருவாடுதான் துணை. கோடையில் கரைவலையில் சூடையும் கீரியும் குவியும்போது வீட்டுத் தேவைக்கென்று கொஞ்சம் காயவைத்தவர்கள் மாரியில் கத்தரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு வைக்கிறார்கள். மற்றவர்கள் கடையில் அதையே நாலு மடங்கு விலைக்கு வாங்குகிறார்கள். காயவைக்கும்போது மணலில் கொட்டாமல் பந்தலில் பரப்புங்கள் என்று எத்தனை முறை சொல்லியாயிற்று! மண் கடிபடும் கருவாட்டைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள்.

கிழங்கையும் மறக்கலாகாது. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் கரையோர வேடர் குடும்பங்கள் காட்டு வள்ளிக்கிழங்கை அவித்துத் தேன் தொட்டு உண்பதை நாம் கண்டிருக்கிறோம். எம்மவரில் சிலர் இதனை ஏழ்மையின் அடையாளமாக நினைக்கிறார்கள். அந்நினைப்பு எங்கிருந்து வந்ததோ தெரியாது. மரவள்ளி என்றால் மட்டும் ஓர் எச்சரிக்கை: அதில் இயற்கையாகவே ஒரு நச்சுத்தன்மை உண்டு. தோலை முற்றாக நீக்கி, நிறையத் தண்ணீரில், மூடாத சட்டியில் அவித்து, அத்தண்ணீரை வடித்து ஊற்றிவிடவேண்டும். கசக்கும் கிழங்கை உண்ணவே கூடாது.

தேத்தண்ணி எப்போது?

ரொட்டியை நாம் ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. கூலி வேலை முடித்து ஏழு மணிக்கு வீடு திரும்பும் பெண்ணிடம் போய் நீத்துப்பெட்டி பற்றிப் பேச எமக்கும் வாய் வராது. அந்த மாவிலேயே பாதி குரக்கன் மாவும் அரிந்த முருங்கையிலையும் சேரட்டும். சம்பலுக்குப் பக்கத்தில் நாலு சூடைப் பொரியல் இருக்கட்டும். சிறுமீனை முள்ளோடு சப்பிச் சாப்பிடும்போது கிடைக்கும் சுண்ணாம்புச்சத்துப் பெரிய மீனின் சதையில் கிடையாது.

எல்லாவற்றிலும் செலவில்லாத மாற்றம் ஒன்றுண்டு. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், இலைக்கறியிலும் தானியத்திலுமுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளத் தேயிலைச் சாயம் விடாது. தேசிக்காய்ப் புளியோ அதற்கு எதிரானது. இரும்புச்சத்தை உடலில் சேரவைக்கும். ஆகவே வறைக்குத் தேசிக்காய் பிழியுங்கள், தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இதைச் சொன்னபோது அந்த இளந்தாய் சிரித்துவிட்டார். கிளினிக்கில் கொடுத்த இரும்புக் குளிசையையும் இத்தனை நாளும் தேத்தண்ணியோடுதான் விழுங்கியிருக்கிறார். அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பேச்சு முடியும் தறுவாயில் இன்னொன்று வெளிவந்தது. மீன் வந்த நாளில் யார் யாருக்கு எத்தனை துண்டு என்று விளையாட்டாகக் கேட்டோம். கணவருக்கு நடுத்துண்டு இரண்டு, மூத்த மகனுக்கு இரண்டு, சிறியவர்களுக்கு ஒவ்வொன்று. "உங்களுக்கு?" என்றோம். "எனக்குச் சட்டியைத் துடைச்சால் காணும்" என்றார். கூடியிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. அப்போது அந்த மூதாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "மகள், முதல்ல உன்ர துண்டை எடுத்து வைச்சிட்டுப் பிறகு மற்றவைக்குப் போடு. நானும் உன்னைப்போலத்தான் இருந்தனான். ஏழு பிள்ளை பெத்து இப்ப எழும்பி நிக்க ஏலாமல் கிடக்கிறன்" என்றார்.

மூன்று கிழமைக்குப் பின் அவ்வழியாற் சென்றபோது அவ்வீட்டுக்குள் எட்டிப் பார்த்தோம். புட்டு அவிந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு நாளும் கட்டிபட்டுப் போய், பிள்ளைகள் முகம் சுழித்து, மாமி கோழிக்குப் போட்டாவாம். மூன்றாம் நாள் மாமியே வந்து கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தாவாம். அடுப்புக்குப் பக்கத்தில் சிறிய சட்டி ஒன்று மூடியிருந்தது. திறந்து காட்டினார். உள்ளே பாரை மீனின் நடுத்துண்டு ஒன்று.

"இது என்ர" என்றார்.