நெட்டோட்டமும் முதுகு நலமும்

காவிரியிலிருந்து குடமுருட்டி ஆறு கிளைத்துச் செல்லும் இடத்தை அடுத்து அமைந்தது திருக்காட்டுப்பள்ளி. தேவாரப் பாடல் பெற்ற இவ்வூரைச் சுற்றி நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. வைகறைப் பொழுதில், கதிரவன் எழுமுன், ஆற்றங்கரைச் சாலைகளில் இளைஞர் பலர் ஓட்டப் பயிற்சி செய்வதைக் காணலாம். காவிரி நாட்டின் ஏனைய ஊர்களிலும் இக்காட்சி இன்று அரிதன்று.

இவ்வாறு ஓடுவோர் அனைவரும் பரிசு ஒன்றையே கருதி ஓடுபவர் அல்லர். 5,000 மீட்டர், 10,000 மீட்டர் போட்டிகளுக்காகப் பயில்வோர் சிலர். காவலர் பணிக்கோ படைத்துறைக்கோ செல்ல விரும்பி ஓடுவோர் பலர். தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் ஆடவர் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடத்திற்குள் ஓடி முடித்தல் வேண்டும். உழவுத்தொழிலால் வரும் வருவாய் போதாத குடும்பத்தில், மகன் ஓடும் ஓட்டம் அக்குடும்பத்தின் எதிர்காலத்தையே தாங்கி நிற்பதும் உண்டு. ஆதலின் ஓடுவோனுக்கு முதுகில் வலி தோன்றினால், அதனை வெளியிட அவன் அஞ்சுகின்றான். ஆசிரியர் அறிந்தால் குழுவினின்று நீக்கிவிடுவாரோ, பெற்றோர் அறிந்தால் ஓடவே விடமாட்டாரோ என்று எண்ணி, வலியை மறைத்து மேலும் ஓடுகின்றான். சின்னாளில் ஆறியிருக்கக்கூடிய துன்பம் பன்னாள் நீடிப்பதற்கு இம்மறைப்பே பெரும்பாலும் காரணமாகின்றது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்னும் பெயருடையது. நோய் எத்தகையது என்று முதலில் தெளிதல் வேண்டும். அது தோன்றிய காரணத்தை அடுத்து ஆராய்தல் வேண்டும். அதனைத் தணிக்கும் வழியைத் தேர்ந்த பின்னரே மருத்துவம் தொடங்குதல் வேண்டும். இவ்வொழுங்கை அவ்வதிகாரம் கற்பிக்கின்றது. முதுகுவலிக்கு இவ்வொழுங்கு மிகவும் பொருந்துவதாகும். எனவே, முதுகின் அமைப்பை முதற்கண் அறிதல் நலம்.

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அன்று. பல எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்ற தொடர் ஆகும். கழுத்தில் 7, மார்பின் பின்புறத்தில் 12, இடுப்பில் 5 என 24 முள்ளெலும்புகள் தனித்தனியே அசையும் இயல்பின. இவற்றின் கீழே 5 எலும்புகள் ஒன்றாக இணைந்த திருவெலும்பும், அதற்கும் கீழே சிறிய வாலெலும்பும் உள்ளன. அசையும் முள்ளெலும்புகளுக்கு இடையே வட்டமான மெல்லிய தட்டுகள் அமைந்துள்ளன. இவ்விடைத்தட்டின் புறம் உறுதியான நார்களால் ஆயது. அகம் கூழ் போன்று நெகிழ்ந்தது. பனங்காயின் நாரும் ஓடும் நுங்கைச் சூழ்ந்திருத்தல் போன்றது இவ்வமைப்பு எனலாம். பகல் முழுதும் உடற்சுமையைத் தாங்குவதால் இத்தட்டுகள் சிறிது நீர் இழந்து மெலிகின்றன. இரவில் படுத்து உறங்கும்போது இழந்த நீரை மீண்டும் ஏற்கின்றன. மனிதர் மாலையினும் காலையில் சற்று உயரமாக இருத்தற்கு இதுவே காரணம். ஓடுவோர்க்கு உறக்கம் எத்துணை இன்றியமையாதது என்பதும் இதனால் விளங்கும்.

இத்தொடர் தானாக நிமிர்ந்து நிற்பதில்லை. மரக்கலத்தின் பாய்மரத்தை நாற்புறமும் கயிறுகள் இழுத்து நிறுத்துதல் போல, முதுகு, வயிறு, பிட்டம் ஆகியவற்றின் தசைகள் முதுகெலும்பை நிலைநிறுத்துகின்றன. அவற்றுள் ஒருபுறத்துத் தசை தளர்ந்தால் மறுபுறத்துத் தசை மிகுதியாக உழைக்க நேர்கின்றது. உழைப்பு மிகுந்த தசை இறுகி வலிக்கின்றது.

ஓடுபவன் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் நிலம் அவன் காலைத் திருப்பித் தாக்குகின்றது. அவ்விசை அவனுடைய எடையைப் போல ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு ஆகும். நிமிடத்திற்கு 170 அடி வைத்து ஒரு மணி நேரம் ஓடினால் 10,200 முறை இத்தாக்குதல் நிகழும். இதனைக் கேட்போர், “அங்ஙனமாயின் ஓட்டமே முதுகிற்குப் பகை அன்றோ?” என வினவலாம். அன்று. 2017ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற ஓர் ஆஸ்திரேலிய ஆராய்ச்சி, நெடுங்காலம் ஓடிப் பழகியவரின் இடைத்தட்டுகள், உடலுழைப்பற்றவரின் தட்டுகளைக் காட்டிலும் தடிப்பும் நீர்ச்செறிவும் மிக்கனவாக இருந்தமையைக் கண்டறிந்தது. அளவறிந்து ஏற்றிய சுமை உறுப்பை வளர்க்கின்றது. அளவிறந்து ஏற்றிய சுமையே அதனைக் கெடுக்கின்றது.

அளவு எவ்வெவ்வாறு கடக்கின்றது? போட்டி நெருங்கியது கண்டு, வாரம் 20 கிலோமீட்டர் ஓடியவன் திடுமென 40 கிலோமீட்டர் ஓடத் தொடங்குகின்றான். இது முதற் காரணம். ஓட்டம் ஒன்றையே பயின்று, வயிறு, பிட்டம் ஆகியவற்றின் தசைகளுக்குப் பயிற்சி தாராமை இரண்டாவது. சாலையின் ஓரம் ஒருபுறமாகச் சரிந்திருக்க, நாள்தோறும் அதே பக்கத்தில் ஓடுதலும், அடி தேய்ந்த காலணியை அணிதலும் மூன்றாவது. குனிந்து நாற்று நட்டும், மூட்டை சுமந்தும், நெடுநேரம் கூன் வளைந்து அமர்ந்து படித்தும் முன்னரே களைத்த முதுகோடு ஓடச் செல்லுதல் நான்காவது. போதிய உணவும் உறக்கமும் இன்றி ஓடுதல் ஐந்தாவது. உண்ணும் உணவு ஓட்டத்திற்கு ஈடாகாதபோது எலும்பின் உறுதியும் குறைகின்றது. இதனால் எலும்பில் மயிரிழை போன்ற நுண்முறிவு தோன்றுதலும் கூடும். ஓடும் மகளிர் இதில் சிறப்பாகக் கருத்துச் செலுத்துதல் வேண்டும்.

ஓடுவோர்க்கு வரும் முதுகுவலியில் பெரும்பகுதி தசை, நாண் ஆகியவற்றின் களைப்பால் வருவதே. அது சில வாரங்களில் தணியும் இயல்பினது. எனினும் எல்லா வலியையும் அவ்வாறு கருதிவிடுதல் தகாது. வளரும் பருவத்தார்க்கு முள்ளெலும்பின் பின்புறத்தில் நுண்முறிவு நேர்வதுண்டு. முதுகைப் பின்னோக்கி வளைக்கும்போது மிகும் வலியும், இரண்டு மூன்று வாரங்கள் கடந்தும் நீங்காத வலியும் அதற்கு அறிகுறி ஆகலாம். இடைத்தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி பிட்டத்தின் வழியாகக் காலில் இறங்கும். காலில் மரப்பும் தோன்றும். காலின் வலிமை குன்றுதல், காய்ச்சலோடு கூடிய முதுகுவலி, இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் ஓயாத வலி, கீழே விழுந்தபின் வரும் கடும்வலி ஆகியவை காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டத்தக்கவை. சிறுநீரையும் மலத்தையும் அடக்க இயலாமையோ, தொடைகளின் இடைப்பகுதி உணர்வற்றுப் போதலோ நேர்ந்தால், ஒரு நாளும் பொறுத்திராமல் அப்பொழுதே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

மருத்துவரிடம் செல்லும் ஓட்டக்காரன் சில செய்திகளைக் கருத்தில் கொண்டு செல்லுதல் நன்று. வலி எந்நாளில் தொடங்கியது, ஓட்டத்தின் எப்பகுதியில் மிகுகின்றது, எவ்வாறு அமர்ந்தால் தணிகின்றது, கடந்த சில வாரங்களில் எவ்வளவு தொலைவு ஓடினான் என்பனவற்றை ஒரு சுவடியில் குறித்துச் சென்றால், மருத்துவர் காரணத்தை எளிதில் காண்பார். “படம் எடுத்துப் பார்த்தாலன்றி நோய் விளங்காது” என்று பலர் கருதுகின்றனர். தொடக்கத்தில் எல்லார்க்கும் அது வேண்டுவதில்லை. வலியே இல்லாத பலருடைய படங்களிலும் இடைத்தட்டின் தேய்வு காணப்படும். மேலே கூறிய அறிகுறிகள் இருப்பின் மருத்துவரே படத்திற்கு ஏற்பாடு செய்வார். மேற்கொண்டு ஆய்வு வேண்டுவோர்க்குத் தஞ்சாவூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

சிற்றூர்களில் வலி வந்தவுடன் எண்ணெய் தேய்த்து உருவுதல் வழக்கம். இளஞ்சூடான எண்ணெயை மெல்லத் தேய்த்தல் இறுகிய தசைக்கு இதம் தருவதே. ஆயின், காரணம் இன்னதென்று அறியாமல் முதுகின்மேல் ஏறி மிதித்தலும், சொடுக்கு எடுப்பதாகக் கூறி வலிந்து முறுக்குதலும் தீங்கு விளைக்கும்; நுண்முறிவு உள்ள எலும்பிற்கு அவை பெருங்கேடாய் முடியும். வலிநீக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுதல் அதனினும் தீது. வலி மறையுமேயன்றி அதன் காரணம் மறையாது. வெயிலில் வியர்த்து உடலில் நீர் குறைந்திருக்கும் வேளையில் சிலவகை மாத்திரைகள் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும்.

முற்காலத்தில் முதுகுவலி கண்டோரைப் பல நாள் படுக்கையிலேயே கிடத்துவர். அது தசையை மேலும் தளரச் செய்யும் என்பது இக்காலத்தில் தெளிவாயிற்று. எலும்பு முறிவு போன்ற கேடு இல்லை எனத் தெளிந்தபின், ஓட்டத்தை நிறுத்தினும், வலி பொறுக்கும் அளவில் நடத்தலும் அன்றாட வேலைகளைச் செய்தலும் வேண்டும். பின்னர் இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் பயிற்சிகளை நாள்தோறும் செய்தல் வேண்டும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பை உயர்த்துதல், முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராக நிறுத்துதல் ஆகியவை அவற்றுட் சில. இவை காண்பதற்கு எளியன. ஆயின், விடாது செய்வதே அரிது. வலி நீங்கியவுடன் பயிற்சியைக் கைவிடுவோர்க்கு அது மீண்டும் வருதல் உண்டு.

ஓட்டத்திற்கு மீளுங்கால் பொறுமை வேண்டும். உடைந்த ஆற்றங்கரையை அடைத்த அன்றே மதகுகளை முழுதும் திறந்துவிடுவார் இலர். புதிய மண் இறுகும்வரை சிறிது சிறிதாகவே நீரை விடுவர். அதுபோல முதலில் நடத்தல், பின்னர் நடையும் ஓட்டமும் மாறிமாறிச் செய்தல், அதன்பின் மெல்ல ஓடுதல், இறுதியில் விரைந்து ஓடுதல் என்னும் முறையில் முன்னேற வேண்டும். ஓடிய மறுநாள் வலி மிகுமாயின், முந்தைய நிலைக்குத் திரும்புதலே அறிவுடைமை.

இம்முறையில் ஓய்வு கொண்டவர் பின்தங்கிவிடுவார் என்று அஞ்ச வேண்டுவதில்லை. அமெரிக்க நாட்டு நெட்டோட்ட வீராங்கனை ஷலேன் பிளானகன் என்பாருக்கு 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கீழ்முதுகை ஒட்டிய இடுப்பெலும்பில் முறிவு ஏற்பட்டது. தம் சொந்த மாநிலத்தில், ஏப்ரல் திங்களில் நடைபெறும் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் கலந்துகொள்ள அவர் பெரிதும் விழைந்திருந்தார். ஆயினும் அதனைத் துறந்து, பல வாரங்கள் ஓடாமல் எலும்பு ஆறும்வரை காத்திருந்தார். அதே ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் நியூயார்க் மாரத்தானில் 42 கிலோமீட்டர் 195 மீட்டர் தொலைவை 2 மணி 26 நிமிடம் 53 விநாடியில் கடந்து முதலிடம் பெற்றார். 1977ஆம் ஆண்டிற்குப் பின்னர் அப்போட்டியில் வென்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே. அப்போது அவருக்கு வயது 36.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. மணிப்பூரைச் சேர்ந்த மீராபாய் சானு ஓட்டக்காரர் அல்லர். பளு தூக்கும் வீராங்கனை. 2017ஆம் ஆண்டில் உலகப் பட்டம் பெற்ற அவர், மறு ஆண்டு கீழ்முதுகு வலியால் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பங்கு பெறாமலே விலக நேர்ந்தது. அவர் வலியை மறைத்து மேடை ஏறவில்லை. மருத்துவம் பெற்றார்; 2020ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, தசைகளின் சமநிலையைச் சீர்செய்யும் பயிற்சியும் பெற்றார். 2021ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ எடை தூக்கி வெள்ளிப் பதக்கம் வென்றார். ஒரு போட்டியை இழக்கத் துணிந்தமையால் பெரும்போட்டி ஒன்றை அவர் பெற்றார் எனலாம்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என மருத்துவம் நான்கு பகுதிகளை உடையது என்பது முன்னே குறித்த அதிகாரத்தின் கருத்து. இவற்றுள் நான்காவது பகுதி ஓடும் இளைஞர்க்கு ஆசிரியரும் பெற்றோரும் உடன் ஓடும் தோழரும் ஆவர். வலிக்கிறது என்று கூறியவனை, “கோழை” என்று இகழ்ந்தால் அடுத்த முறை அவன் வாய் திறவான். அவனைக் குழுவினின்று அகற்றாமல், அவன் ஆறும்வரை நேரங்குறித்தல் முதலிய பணிகளைக் கொடுத்து உடன்வைத்துக்கொள்ளும் ஆசிரியரிடம் மாணவர் எதனையும் மறையார். நோயாளியின் கடமை உண்மையை உரைப்பது. பேணுவோரின் கடமை அவ்வுண்மையை அச்சமின்றி உரைக்க இடந்தருவது.

நெட்டோட்டத்தில் தொடக்கத்திலேயே முழு வலிமையையும் செலவிடுபவன் எல்லையை அடைவதில்லை என்பதை ஓட்டக்காரர் அனைவரும் அறிவர். வாழ்க்கையும் அத்தகையதே. முதுகெலும்பு ஒரு போட்டிக்காக அமைந்தது அன்று. ஆயுள் முழுதும் மனிதனை நிமிர்ந்து நிற்கச் செய்வதற்கு அமைந்தது. அதன் வலியை மறையாது கூறி, காரணம் தெளிந்து, முறையாக மருத்துவம் செய்து, பொறுமையோடு மீள்பவனே சிறந்த ஓட்டக்காரன் ஆவான்.