ரேகா என்னும் சொல்

கொல்கத்தாவின் வடபகுதியில், கங்கைக் கரையை ஒட்டிய பழைய குடியிருப்பு பாக்பஜார். அங்குப் போஸ்பாரா சந்தின் 16ஆம் எண் வீட்டில், 1898ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், சிறுமியர்க்கென ஒரு பள்ளியை அன்னை சாரதா தேவியார் தொடங்கி வைத்தார். அதனை நிறுவியவர் அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் நோபிள். விவேகானந்தரின் மாணவியாகி நிவேதிதா என்று பெயர் பெற்றவர். நம் பாரதியார் குருவாகப் போற்றி, 1908இல் ‘சுதேச கீதங்கள்’ நூலைக் காணிக்கையாக்கியது இவருக்கே.

அக்காலத்தில் பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கினர். பொருள் இன்மையால் பள்ளி சிறிது காலம் மூடப்பட்டது. நிவேதிதா மேனாடு சென்று நிதி திரட்டி வந்து, 1902இல் மீண்டும் திறந்தார்.

அவரை நேரில் அறிந்தவர்கள் கூறும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. வகுப்பில் ஒருநாள், கோட்டினைக் குறிக்க மாணவியர் ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லையே கூறினர். உங்கள் மொழியில் அதற்குப் பெயர் என்ன என்று நிவேதிதா வினவினார். ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. அவர் வருந்தினார். இறுதியில் ஒரு சிறுமி ‘ரேகா’ என்றாள். அவரோ பெரும்பொருள் கிடைத்தவர் போல மகிழ்ந்து, ‘ரேகா, ரேகா’ என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

ஒரு சொல்லுக்கு இத்தனை மகிழ்ச்சி எதற்கு? தன் வீட்டு மொழி தாழ்ந்தது என்று எண்ணும் குழந்தை, நாளடைவில் தன்னையும் தாழ்ந்தவளாக எண்ணத் தொடங்கும். இதனை அவர் நன்கு உணர்ந்திருந்தார். நாம் மாக்கோலம் இடுவது போல, வங்கப் பெண்கள் அரிசிமாவைக் கரைத்து ஆல்பனா வரைவர். தையலும் அறிவர். இவற்றையும் அவர் பாடமாகவே மதித்தார். ததீசி முனிவர் பிறர் நலத்திற்காகத் தம் எலும்பையே ஈந்தார். அதிலிருந்து வச்சிராயுதம் உருவாயிற்று என்பது புராணம். அந்த வச்சிரத்தைச் சின்னமாகக் கொண்டு நிவேதிதா ஒரு கொடியை வடிவமைத்தார். அவர்தம் மாணவியர் அதனைத் தைத்தனர். 1906இல் கொல்கத்தாவில் காங்கிரசு மாநாடு கூடியபோது, அங்கு நடந்த கண்காட்சியில் அக்கொடி வைக்கப்பட்டது. ஈகை என்னும் பண்பை அச்சிறுமியர் ஊசியும் நூலும் கொண்டு கற்றனர் எனலாம். தம் கைவேலையை ஊரார் காண வந்தபோது, அவர்களுக்கு வேறு பாராட்டு எதற்கு?

இங்கு என் பிழை ஒன்றையும் கூற வேண்டும். மாணவர் ஊக்கம் பெறுவர் என்று கருதி, எல்லார் ஏட்டிலும் ‘மிக நன்று’ என்றே எழுதி வந்தேன். “எல்லாருக்கும் இதையே எழுதியிருக்கிறீர்களே!” என்றாள் ஒரு மாணவி. எனக்கு விடை கூறத் தெரியவில்லை.

அதன்பின் வாரம் ஒரு தமிழ்ச் சொல்லை வீட்டிலிருந்து கொண்டுவருமாறு பணித்தேன். டிராமில் தாயுடன் தமிழில் பேசக் கூசும் மாணவன் ஒருவன், ஊரிலுள்ள பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டுத் ‘திண்ணை’ என்னும் சொல்லைக் கொண்டுவந்தான். அதன் பொருள் வகுப்பில் எவருக்கும் விளங்கவில்லை. அவனே கரும்பலகையில் வீட்டையும் வாசலையும் வரைந்து காட்டினான். “இது நம் ‘ரோயாக்’ அல்லவா!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. ஆம், வடகொல்கத்தாவின் பழைய வீடுகளில், தெருவை நோக்கிய அந்த மேடையை இன்றும் காணலாம்.