கைக்குக் கற்பித்தலே காப்பு

ஃபரிதாபாத், லூதியானா, புணே ஆகிய தொழில் நகரங்களின் சிறுதொழிற்கூடங்களில் இடையறாது ஒலிப்பது பவர் பிரஸ்ஸின் ஓசையாகும். தகட்டை ஒரே அழுத்தில் வாகன உதிரிப்பாகமாக மாற்றும் இவ்வியந்திரம், ஒரு நொடிக் கவனக்குறைவில் தொழிலாளியின் விரல்களையும் பறித்துவிடக்கூடியது.

‘பாதுகாப்பே முதன்மை’ என்னும் அறிவிப்புப் பலகைக்கு எங்கும் குறைவில்லை. எனினும், பலகையைப் படிப்பது கண். ஆபத்துக்குள் நுழைவதோ கை. ஆகவே பயிற்சியும் கைக்கே அளிக்கப்பட வேண்டும்.

மோட்டாரை நிறுத்தியதும் இயந்திரம் ஓய்ந்துவிட்டதாகக் கருதுவோர் உண்டு. ஆனால், ‘ஃபிளைவீல்’ என்னும் கனத்த சக்கரம் அதன் பின்னரும் சிறிது நேரம் சுழலும். அப்போது கிளட்ச் பற்றினால் பிரஸ்ஸின் மேல்தலை கீழிறங்கும். இதனை உரையாகக் கேட்டவர் மறக்கக்கூடும். மோட்டார் நின்ற பின்னும் ஓர் அட்டைக் குழல் நசுங்குவதைத் தேர்ந்த பயிற்றுநர் செய்துகாட்ட, நேரில் கண்டவர் எளிதில் மறப்பதில்லை.

அடுத்து, தொழிலாளி தாமே செய்து பழக வேண்டும். டையை மாற்றுமுன் மின்னிணைப்பைத் துண்டித்துத் தம் பூட்டைப் பூட்டுதல், சாவியைத் தம்மிடமே வைத்திருத்தல், சக்கரம் நிற்கும்வரை காத்திருத்தல், பொத்தானை அழுத்தி இயந்திரம் இயங்காததை உறுதிசெய்தல், மேல்தலைக்கு முட்டுக் கொடுத்தல் ஆகியவற்றைப் பிழையின்றிச் செய்துகாட்டிய பின்னரே அவரைத் தனியே பணியில் அமர்த்த வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை இப்பயிற்சியைப் புதுப்பித்தலும் இன்றியமையாதது.

இப்பயிற்சியில் மேற்பார்வையாளரும் பங்கேற்க வேண்டும். இரு கைகளாலும் அழுத்த வேண்டிய பொத்தான்களில் ஒன்றை, விரைவு கருதிக் கட்டிவைப்பதை அவர் கண்டும் காணாதிருந்தால் கற்றது அனைத்தும் வீணாகும்.

போபால் பேரிடருக்குப் பின், 1987-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகத் தொழிற்சாலைகள் சட்டம், பாதுகாப்புப் பயிற்சி பெறுவதைத் தொழிலாளியின் உரிமையாகவே ஆக்கியது. மும்பையிலுள்ள மத்தியத் தொழிலாளர் நிறுவனமும், சென்னை, கொல்கத்தா, கான்பூர், ஃபரிதாபாத் ஆகிய நகரங்களிலுள்ள மண்டல நிறுவனங்களும் இத்துறையில் பயிற்சி வழங்குகின்றன.

விபத்துக்குள்ளான காப்பீட்டாளருக்குத் தற்காலிக ஊனக் காலத்தில் இ.எஸ்.ஐ. திட்டம் ஊதியத்தில் 90 விழுக்காட்டை அளிக்கிறது. ஆயினும் இழந்த விரலையும், அவ்விரல் அறிந்திருந்த தொழில்திறனையும் எத்தொகையும் மீட்டுத் தாராது.

இயந்திரக் கடன் கோரும் தொழில்முனைவோர், திட்ட மதிப்பீட்டில் விலை, நிறுவுசெலவு ஆகியவற்றுடன் பாதுகாப்புக் கவசத்திற்கும் பயிற்சிக்கும் ஆகும் செலவையும் முதலிலேயே சேர்த்துக்கொள்வது நன்று. இயந்திரத்தின் மதிப்பு ஆண்டுதோறும் தேயும். பயின்ற கையின் மதிப்போ ஆண்டுதோறும் வளரும்.