வீட்டிலேயே இருந்தது விடை!

இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும் என் மகள், இரவு பகலாகப் படித்து, ஒரு கம்பெனியின் இன்டர்வியூவுக்குப் போனாள். 'நெய்வேலியா? பழுப்பு நிலக்கரி எப்படிம்மா கரன்ட் ஆகுது?' எனக் கேட்டிருக்கின்றனர். திருதிருவென விழித்து, வேலையைக் கோட்டை விட்டு, அழுதபடி வந்தாள்.

மைன்சில் 30 வருஷம் உழைத்த என் கணவர், அன்றிரவே அவளை உட்கார வைத்தார். 1962ல் இங்கு மின் உற்பத்தி துவங்கியது, நிலத்தடி நீரை இறைத்து, பக்கெட் வீல் இயந்திரத்தால் மண்ணை வெட்டுவது, பாதிக்குப் பாதி ஈரமுள்ள கரியை எரித்து, நீராவியால் டர்பைனைச் சுழற்றுவது என, விளக்கினார்.

மறுநாள் முதல் நான் தான், 'ஆபீசர்!' எனக்குப் புரியாவிட்டால், மறுபடி சொல்ல வேண்டும். அடுத்த இன்டர்வியூவிலும் ஊரைப் பற்றியே பேச்சு வர, 'டாண் டாண்' என பதில் சொல்லி, வேலை வாங்கி விட்டாள்.

தோழியரே... புத்தகத்தோடு, சொந்த ஊரையும், அப்பாவின் தொழிலையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்!

– ஒரு வாசகி, நெய்வேலி.