எலக்ட்ரீஷியன் கூலி: பாயிண்ட் கணக்கில் மறைவது என்ன?

ஒரே வீட்டுக்கு ஒயரிங் செய்ய மூன்று எலக்ட்ரீஷியன்களிடம் விலை கேட்டுப் பாருங்கள். ஒருவர் பாயிண்ட்டுக்கு, அதாவது விளக்கு, ஃபேன், பிளக் இணைப்பு ஒவ்வொன்றுக்கும், இவ்வளவு என்பார். இன்னொருவர் சதுர அடிக்கு இவ்வளவு என்பார். மூன்றாமவர், "நாள் கூலிக்கு வர்றேங்க, ஹெல்பருக்குத் தனி" என்பார். மாடிப்படியில் மேலும் கீழும் இருக்கும் டூ-வே சுவிட்ச் ஒரு பாயிண்டா இரண்டா என்பதிலேயே வீட்டுக்காரருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் வழக்கு வரும். வீட்டு மின்வேலைக்குத் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் ஒரு கணக்கு.

நகரங்களில் தேர்ந்த ஆளின் நாள் கூலி பொதுவாக ஆயிரம் ரூபாயை ஒட்டி இருக்கிறது. மாதம் 26 நாள், 26,000 ரூபாய் என்று நாம் மனக்கணக்குப் போட்டுவிடுகிறோம். அந்த 26 நாள் கிடைப்பதுதான் அரிது. கூரைக்குக் கம்பி கட்டியதும், கான்கிரீட் விழுவதற்கு முன் பைப் போட்டாக வேண்டும்; அதற்கு ஓடி வர வேண்டும். பிறகு கொத்தனார் வேலை முடியும்வரை அழைப்பு வராது. சுவர் எழும்பியபின் காடி வெட்டிப் பெட்டி பதிப்பது, பூச்சு முடிந்தபின் ஒயர் இழுப்பது, பெயின்ட் அடித்தபின் சுவிட்சும் விளக்கும் மாட்டுவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் இடைவெளி விழும். தவணையும் அப்படியே பிரிந்து வரும். வீட்டுக்காரர் கையில் காசு கரைந்துபோன நேரத்தில் வேலையை முடிப்பவர் எலக்ட்ரீஷியன். அதனால் கடைசித் தவணை இழுபடுகிறது. தை முகூர்த்தங்களுக்கு முன் இரவு பகலாக வேலை இருக்கும்; ஆடியில் யாரும் குடிபுகுவதில்லை. ஏசி வேலையும் கற்றவருக்குக் கோடை ஓரளவு ஈடு கொடுக்கும். டிரில்லிங் மிஷின், கட்டிங் மிஷின், தேய்ந்த பிளேடு, பைக்குக்குப் பெட்ரோல் எல்லாம் அவர் கைக்காசு. பாயிண்ட் கணக்கில் பேசினால் ஹெல்பர் கூலியும் அதற்குள்ளேதான் வர வேண்டும்.

கூலியில் விழும் இந்தத் துண்டு வேறு வழியில் நிரம்புகிறது. வாடிக்கையாளரை அழைத்துவரும் எலக்ட்ரீஷியனுக்குக் கமிஷன் தரும் கடைகள் உண்டு. ஒயர், சுவிட்ச் கம்பெனிகள் பலவும் பெட்டிக்குள் கூப்பன் வைக்கின்றன, அல்லது க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தால் பரிசுப் பாயிண்ட் சேரும்படி செய்கின்றன. இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூலியை அடிமட்டத்துக்குப் பேசிக் குறைக்கும் நாம்தான் அவரைக் கடை வாசலுக்குத் தள்ளுகிறோம். எந்த பிராண்டு, எத்தனை சுருள் ஒயர் என்ற முடிவில் கமிஷன் கலந்துவிட்டால், குறைத்த கூலி சாமான் பில்லில் திரும்பி வந்துவிடும்.

கூலியைத் தீர்மானிக்க வேண்டிய முக்கியமான ஒன்று, நடைமுறையில் கணக்கிலேயே வருவதில்லை. அது தகுதிச் சான்று. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலை தவிர மற்ற மின்வேலைகளை, மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிப்பு இரண்டு ஆண்டு. படிக்காமல் கையாளாகச் சேர்ந்து தொழில் கற்றவருக்கும் வழி இருக்கிறது: ஐந்து ஆண்டு அனுபவம் இருந்தால் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். ஆனால் விலை பேசும்போது அந்தச் சான்றைக் கேட்கும் வீட்டுக்காரர் எத்தனை பேர்? சான்று உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே கூலி என்றால் தேர்வு எழுத யாருக்கு ஆர்வம் வரும்? நாட்டில் மின்சாரம் தாக்கி இறப்போர் ஆண்டுக்கு 12,000க்கும் அதிகம் என்கின்றன தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021, 2022 கணக்குகள். எர்த் சரியாகப் போட்டு, 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி மாட்டுகிற கைக்கு நாம் தனி மதிப்புத் தர வேண்டும்.

சான்றுக்கு மதிப்பு இருக்கும் இடத்தைப் பாருங்கள்: அமெரிக்காவில் இந்தத் தொழிலில் சேர்பவர் பெரும்பாலும் நான்கைந்து ஆண்டு சம்பளத்தோடு பயிற்சி பெறுகிறார். பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் கட்டாயம். அங்கே 2024இல் எலக்ட்ரீஷியன்களின் நடுமட்ட ஆண்டு ஊதியம் சுமார் 62,000 டாலர். விலைவாசி வேறு, நாடு வேறு; இருந்தாலும் உரிமத்தைக் கேட்கும் இடத்தில் திறமைக்கு விலை ஏறுகிறது என்பது உண்மை. நம் இளைஞர்களுக்கும் இது தெரியும். திறன் தேர்வு எழுதி ("டெஸ்ட் அடித்து") சிங்கப்பூர் போகிறவர்கள் அங்கே சான்றிதழுக்கு ஏற்பச் சம்பளம் உயர்வதைப் பார்க்கிறார்கள். உள்ளூர்த் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலைக்குப் போனால் மாதச் சம்பளத்தோடு பிஎஃப், இஎஸ்ஐ கிடைக்க வாய்ப்புண்டு. ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தால் அதுவும் ஒப்பந்ததாரரின் நேர்மையைப் பொறுத்தது.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூலியையும் சாமானையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். எது ஒரு பாயிண்ட் என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள். தகுதிச் சான்றைக் கேளுங்கள். வைத்திருப்பவருக்குக் கூடுதலாகக் கொடுங்கள். கடைசித் தவணையைப் பால் காய்ச்சுவதற்கு முன்பே தீர்த்துவிடுங்கள்.