லோரியின் இழுவைச் சக்தி

செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் திணறும் லோரியை நாம் தோட்டத்தில் பார்த்திருக்கிறோம். இன்னும் பெரிய எஞ்சினைப் பொருத்தினால் என்ன என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் எஞ்சின் தரும் முறுக்கு விசை கியர்ப் பெட்டி, அச்சு இவற்றின் வழியாகத்தான் சக்கரத்தைச் சென்றடைய வேண்டும். இவற்றுள் எது நலிந்ததோ, அதுவே வண்டியின் எல்லை.

அமெரிக்காவின் ராம் கனரக பிக்கப் வண்டி இதற்கு நல்ல சான்று. 2018ஆம் ஆண்டு ரகத்தில் டீசல் எஞ்சின் அடிப்படையில் ஒன்றேதான்: கம்மின்ஸ் 6.7 லிட்டர். கியர்ப் பெட்டிகளோ மூன்று. கையால் கியர் மாற்றும் பெட்டியுடன் முறுக்கு விசை 660 பவுண்டு-அடி; சாதாரணத் தானியங்கிப் பெட்டியுடன் 800; ஐசின் என்னும் ஜப்பானியப் பெட்டியுடன் 930. பெட்டி தாங்கும் அளவுக்கு எஞ்சினை அடக்கியே வைத்தார்கள். ஐசின் பெட்டிக்குத் தனி விலை. எல்லா வண்டிகளுக்கும் அதையே பொருத்தினால், பாரம் இழுக்காதவரும் அந்தச் செலவைச் சுமக்க நேரிடும் அல்லவா?

பின்னச்சின் பல்சக்கர விகிதத்திலும் இதே கணக்குத்தான். 4.10 விகிதம் 3.42ஐவிட நன்றாக இழுக்கும். ஆனால் அதே வேகத்தில் எஞ்சின் கூடுதலாகச் சுழல்வதால் டீசலும் அதிகம் செலவாகும்.

எஞ்சினின் இந்தக் கட்டை அவிழ்த்துவிடும் பட்டறைகளும் உண்டு. மேட்டில் வண்டி பாய்ந்து ஏறும், உண்மைதான். பிரேக் மட்டும் பழைய பிரேக்கே. கூடுதல் பாரத்தோடு இறக்கத்தில் வரும்போது ஓட்டுநரின் உயிர் அதை நம்பித்தான் இருக்கிறது.